கனிவாகச் சொல்வது

‘பணிவாக’ என்பது கீழிருந்து மேலே பார்க்கும் சொல். முதலாளி தொழிலாளியிடம் பணிவாகப் பேசினார் என்று யாரும் சொல்வதில்லை. கனிவாகப் பேசினார் என்றுதான் சொல்வார்கள். அதிகாரம் உள்ளவர் அதைக் காட்டாமல் பேசும்போதே ‘கனிவாக’ என்ற வினையடைக்கு முழுப்பொருள் வருகிறது.

திருப்பூர்ப் பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. ‘ஆமாங்க’, ‘சரிங்க’, ‘ஏனுங்க’ என்று எதிலும் ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும். ஆனால் திருப்பூர் இருக்கும் கொங்கு நாட்டின் பண்ணைகளில் அது நெடுங்காலம் மேல்நோக்கியே சென்றது. ‘சாமி’ என்று அழைத்த பண்ணையாளுக்குப் பதிலாகக் கிடைத்தது ‘டா’. வயதில் மூத்தவராக இருந்தாலும் அதே கதைதான். விகுதி இருப்பதாலேயே கனிவு இருப்பதாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் அன்பில்லாமல் வாயளவில் வரும் இன்சொல் அறமாகுமா? திருக்குறளின் 10-ஆம் அதிகாரமான ‘இனியவை கூறல்’, அன்பு கலந்த, வஞ்சனையற்ற சொல்லையே இன்சொல் என்கிறது. கன்பூசியஸ் வழிவந்த சீனச் சிந்தனை வேறொரு வாசலைத் திறக்கிறது: முறையான நடத்தையைப் பழகப் பழக உள்ளமும் பண்படும். அது உண்மைதான், ஆனால் யாரிடம் பழகுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனியில், ஆர்டர் கொடுக்கும் பையரிடம் மட்டும் பழகிய கனிவு, தையலுக்குத் துணையாகக் கைமடிக்கும் பெண்ணிடம் தானாக வந்துவிடாது.

கனிவு காட்டினால் வேலை கெடும் என்ற அச்சம் பனியன் கம்பெனிகளில் உண்டு. வள்ளுவர் இதை நேராகவே எதிர்கொண்டார். ‘கண்ணோட்டம்’, அதாவது இரக்கம் காட்டுதல், என்னும் 58-ஆம் அதிகாரத்தை இல்லறத்தில் வைக்காமல் அரசியலில் வைத்தார். செயல் சிதையாமல் கண்ணோடத் தெரிந்தவருக்கே உலகம் உரியது என்பது அங்கே 578-ஆம் குறளின் கருத்து. அதற்கு முந்திய அதிகாரம், கடுஞ்சொல் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கிறது.

ஷிப்மெண்ட் நெருங்கும் நாளில் ஓவர்லாக் தையல் விட்டுப்போன பீஸ் ஒன்று செக்கிங் மேசையிலிருந்து திரும்புகிறது. சூப்பர்வைசர் அதை லைனில் எல்லார் முன்னாலும் வீசலாம். ‘இந்த இடத்துல தையல் விட்டிருக்கு, பாருங்கம்மா’ என்று விரல் வைத்துக் காட்டியும் கொடுக்கலாம். இரண்டிலும் பீஸ் மறுபடி தைக்கப்படும். முதலாவதில் தைப்பவரின் கை நடுங்கும். அடுத்த பீசும் பிசகும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் தமிழை லைனில்தான் கற்கிறார்கள். நாளெல்லாம் ‘வா, போ’ என்று கேட்டவர் சூப்பர்வைசரையும் அப்படியே அழைப்பார். அவருக்கு மரியாதை தெரியவில்லை என்று திட்டுவது நியாயமாகாது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட தமிழ் அவ்வளவுதான்.