இருவரில் ஒருவர் எங்கே?

சென்ற காட்சியில் இடது மார்பில் மின்னிய பதக்கம், அடுத்த காட்சியில் வலது மார்புக்குத் தாவும். பட்டாளப் படங்களில் இத்தகைய பிழைகளுக்குப் பஞ்சமில்லை. கண்டோர் நகைப்பர், மறப்பர். 2024இல் வெளிவந்த 'அமரன்' படத்திலே, காட்சியில் தெரிந்த கைப்பேசி எண் சென்னை மாணவர் ஒருவருடையதாக இருந்துவிட்டது. ஓயாத அழைப்புகளால் அவர் அல்லற்பட்டார். பின்னர் அந்த எண் படத்தில் மறைக்கப்பட்டது. பிழை நேர்ந்தது, திருத்தினர், அவ்வளவே.

ஆனால், எண்ணை அல்ல, ஓர் ஆளையே மறைத்துவிட்டால்?

2020 ஆகஸ்டில், 'குஞ்சன் சக்சேனா: தி கார்கில் கேர்ள்' என்ற இந்திப் படம் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வீட்டுத் திரைகளுக்கு வந்தது. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டிய வீராங்கனையின் கதை. அவருடைய வீரத்தில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் உதம்பூர்ப் படைத்தளத்திலே அவர் ஒருவரே பெண் விமானி என்று காட்டிற்று படம். அவருடன் பணிபுரிந்த ஸ்ரீவித்யா ராஜன் எழுந்து மறுத்தார்: 1996இல் உதம்பூருக்கு இருவருமே அனுப்பப்பட்டோம், போர் மூண்டபோது முதல் அணியுடன் சிறீநகர் சென்ற பெண் விமானி நானே, படத்தில் வரும் கைம்மல்யுத்த அவமானம் நடக்கவே இல்லை என்றார். விமானப் படையும், தன்னைத் தவறாகச் சித்திரித்திருப்பதாகத் தணிக்கைக் குழுவுக்கு எழுதிற்று.

"கற்பனை கலந்தது என்று அறிவித்துவிட்டால் போதாதா? பெண்கள் பட்ட இன்னல் பொய்யா?" என்று கேட்பர். பொய்யல்ல! பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்தும் இல்லை. அந்த உரிமைக்காக வாதாட வந்த படம், ஒரு பெண்ணின் உழைப்பையே துடைத்தெறிந்ததே, அதுதான் கொடுமை! தனியொருத்தி என்றால் கைத்தட்டல் கூடும். அந்தக் கைத்தட்டலுக்கு விலை கொடுத்தவர் இன்னொருத்தி. புராணம் பிறக்க ஆயிரம் ஆண்டு வேண்டும் என்று எண்ணியிருந்தோம். இருபத்தோராண்டே போதும் போலும், அதுவும் சாட்சிகள் உயிரோடிருக்கையிலே!

திரையின் வலிமையை அருப்புக்கோட்டைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1977இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் அது. வானம் பார்த்த அந்தக் கரிசல் மண்ணிலும், திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களிலும், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பிய பெரியவர்கள் இருக்கிறார்கள். போர்ப்படம் ஓடும்போது அவர்கள் வாய் திறப்பதில்லை; நாமும் கேட்பதில்லை. தோழர்களே, படம் முடிந்ததும் அவர்களருகே அமருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்க வேண்டாம். "ஐயா, உங்களோடு யார் யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள்.