ஷான்ஷியின் எமகாதகர்

1911 புரட்சியில் சீனாவின் ஷான்ஷி மாகாணத்தைப் பிடித்த யென் ஷீஷான், 1949 வரை அதன் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பெய்ஜிங்கில் ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. வந்தவருக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டார். 1927இல் காற்று மாறியதும் தேசியவாதத் தலைவர் சியாங் காய்-ஷேக் பக்கம் சாய்ந்தார். 1930இல் அவரையே எதிர்த்துத் தோற்று, ஜப்பானியர் வசமிருந்த டாலியனுக்கு ஓடினார். மறு வருடமே ஊர் திரும்பி, மறுபடி அதிகாரம்!

ஆளின் சூட்சுமம் தண்டவாளத்தில் தெரியும். மாகாணத்தின் நெடுகிலும் அவர் போட்டது மீட்டர் கேஜ் பாதை. செலவு குறைவுதான்; ஆனால் அதைவிட அகலமான பாதையில் வரும் அந்நியப் படையின் ரயில் எல்லையிலேயே நின்றுவிடும் என்பது சும்மா கிடைத்த லாபமா, போட்ட கணக்கா?

1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு செய்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. எட்டு வருடம் அந்த மண்ணைச் சூறையாடிய படையிலிருந்தே ஆயிரக்கணக்கானோரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கம்யூனிஸ்டுகள் மீது ஏவினார். 1949 ஏப்ரலில் மாகாணத் தலைநகர் தையுவான் அந்தக் கம்யூனிஸ்டுகளிடமே விழுந்தபோது அவர் அங்கே இல்லை. மார்ச்சிலேயே விமானம் ஏறியாயிற்று. ஜூனில் தேசியவாத அரசின் பிரதமர், சாட்சாத் அவரேதான்.