வேற்றுருவமும் வினையும்

பிறப்பதற்கு முன்னரே தன் உடலைத் தானே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு ஒருவனுக்குக் கிட்டுமாயின், அவன் எத்தகைய உடலைத் தேர்ந்துகொள்வான்? நிறம் யாது, உயரம் யாது, மூக்கின் வடிவம் யாது, இனம் யாது என ஒவ்வொன்றாக வினவி, அவன் விரும்பியவாறே வனைந்து தரும் குயவன் ஒருவன் எதிரே அமர்ந்திருந்தால் என்ன விடை பகர்வான்? முன்னாளில் இதனை வீண் கற்பனை என்று தள்ளியிருப்போம். இந்நாளில் நம் வீட்டுப் பிள்ளைகள் இக்கேள்விக்கு நாள்தோறும் விடை கூறி வருகின்றனர். அவ்விடையில் நம் சமூகத்தின் நோயொன்று தெளிவாகத் தென்படுவதால், அன்பர்கள் இதனைச் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

அந்தமானில் வாழும் என் தம்பியின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். போர்ட் பிளேயர் என்று நாம் அறிந்திருந்த அந்நகர், 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னையையும் அத்தீவுகளையும் இணைத்துக் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடி இழை வடம், 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கி வைக்கப்பட்டது. அதுகாறும் செயற்கைக்கோளை நம்பி மெல்ல ஊர்ந்த இணையம் அதன்பின் விரைவு பெற்றது. அவ்வடத்தின் வழியே கல்வியும் வாணிபமும் சென்றன, விளையாட்டும் சென்றது.

தம்பியின் மகனுக்கு வயது பதினைந்து. கற்பனை நாடுகளில் வாளேந்தியும் மந்திரம் கற்றும் உலவும் கணினி விளையாட்டு ஒன்றின் முன் அவன் அமர்ந்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். அப்போதும் விளையாட்டுத் தொடங்கியதாகத் தெரியவில்லை. "இன்னும் போர் தொடங்கவில்லையா?" என்றேன். "இன்னும் முகம் முடியவில்லை, பெரியப்பா" என்றான்.

இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவர் முதற்கண் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்ள வேண்டும். மனிதர், நெடிய செவியுடைய எல்ஃப், குள்ளர், ஓர்க் எனப் பல இனங்கள் திரையில் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தபின், தாடையின் அகலம், கன்ன எலும்பின் உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை, கொம்பு, கூந்தல் என ஒவ்வோர் உறுப்பையும் கூட்டியும் குறைத்தும் திருத்தலாம். என் தம்பி மகன் அவ்வாறு திருத்தி முடித்த முகத்தைக் கண்டேன். அது பால் போன்று வெளுத்திருந்தது. மூக்கு மெலிந்து கூர்மையாக இருந்தது. தலைமயிர் பொன்னிறமாக இருந்தது.

"உன்னைப் போலவே ஒரு முகம் அமைக்கலாகாதா?" என்று கேட்டேன்.

"அந்த முகத்தோடுதானே பெரியப்பா தினமும் பள்ளிக்கூடம் போகிறேன். இங்கேயாவது வேறு முகம் வேண்டாமா?" என்றான்.

அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் தாய் தலை நிமிரவில்லை. உடன் பயிலும் பிள்ளைகள் நிறத்தைக் கொண்டு அவனுக்கு இட்டிருந்த பெயரைப் பிற்பாடு அவள் எனக்குக் கூறினாள். அப்பெயரை ஈண்டு எழுதேன்.

வேற்றுருவை விரும்புதல் தவறா என்பது நம் முன் நிற்கும் முதல் வினா. உருவிலிருந்து குணம் பிறக்கிறதா என்பது இரண்டாவது. இரண்டாம் வினாவுக்கு விடை தெளிந்தால் முதல் வினாவுக்கு விடை எளிதாகும் என்பது என் கருத்து. ஆகவே அதனை முன்னர் ஆராய்வோம்.

இன்றைய விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதை எனத்தக்கது, 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டமாகும். அது கணினியில் அன்று, மேசையைச் சுற்றியமர்ந்து தாளும் பகடையும் கொண்டு ஆடப்படுவது. அதன் முதற்பதிப்பின் விதியொன்று நம்மவர்க்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றும். குள்ளர் இனத்தைத் தேர்ந்தவன் போர்வீரனாக மட்டுமே ஆகலாம். அதிலும் ஆறாம் படிக்கு மேல் ஏறலாகாது. மனிதனுக்கோ அத்தகைய எல்லை இல்லை. எவ்வளவு முயன்றாலும், எத்துணை வீரம் காட்டினாலும், குள்ளன் ஆறாம் படியிலேயே நிற்பான். பிறப்பு இன்னது, ஆகவே தொழில் இன்னது, ஏறக்கூடிய உயரம் இவ்வளவே என்னும் இவ்விதியை நாம் எங்கே படித்தோம் என்று சொல்ல வேண்டுவதில்லை.

அவ்விளையாட்டின் பிற்கால வரலாறு சிந்திக்கற்பாலது. 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு அத்தடைகளை நீக்கிற்று. ஆயினும் இன்ன இனத்தவர்க்கு இன்ன ஆற்றல் பிறப்பிலேயே மிகுதி அல்லது குறைவு என்னும் கணக்கு நீடித்தது. 2020-இல் வந்த துணைநூல் ஒன்று அக்கணக்கை ஆடுபவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இடமளித்தது. 2024-இல் வெளிவந்த புதிய விதிநூல் 'இனம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே கைவிட்டு, 'உயிர்வகை' என்று பொருள்படும் சொல்லை ஆண்டது. மேலும், வலிமை, அறிவு முதலியவற்றின் தொடக்க மிகுதியைப் பிறப்பினின்றும் பிரித்து, அப்பாத்திரம் முன்பு செய்த தொழிலோடும் வாழ்வோடும் பொருத்திற்று. ஐம்பது ஆண்டுகள் ஒரு விளையாட்டு சென்ற வழி, பிறப்பிலிருந்து செயலை நோக்கிச் சென்ற வழியாகும்.

இவ்விடத்தில் சுத்த நிபாதத்திலுள்ள வாசெட்ட சுத்தம் நினைவுக்கு வருகிறது. பிறப்பினால் அந்தணனா, செயலினால் அந்தணனா என்று இரு இளைஞர் வழக்கிட்டுப் பகவானிடம் வந்தனர். புல், மரம், பூச்சி, மீன், பறவை இவற்றிடையே பிறப்பால் அமைந்த உருவ அடையாளங்கள் உண்டு என்பதைப் பகவான் ஒப்புக்கொண்டார். மனிதரிடையே கண்ணிலும் செவியிலும் மூக்கிலும் நிறத்திலும் அத்தகைய வகைவேறுபாடு இல்லை என்றும், ஒருவனை உழவனாகவும் வணிகனாகவும் கள்வனாகவும் ஆக்குவது அவன் செய்யும் தொழிலே என்றும் அவர் விளக்கினார். கற்பனை உலகில் எல்ஃப் ஒரு வகை, குள்ளர் ஒரு வகை என இருக்கலாம், அது கதை. மனிதருக்குள் அத்தகைய வகுப்பு உண்டு என்பதும் ஒரு கதையே. ஆனால் முன்னதைக் கதையென்று அறிந்தே ஆடுகிறோம். பின்னதை உண்மையென்று நம்பி ஒருவரையொருவர் இழிவு செய்கிறோம்.

இதற்கு மறுப்பொன்று எழக்கூடும். உருவம் மனத்தை மாற்றுவதில்லையா? மாற்றுகிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணினி உலகில் அழகிய உருவம் அளிக்கப்பட்டவர்கள் பிறரிடம் நெருங்கிச் சென்று பழகினர். உயர்ந்த உருவம் அளிக்கப்பட்டவர்கள் பங்கீட்டுப் பேச்சில் விட்டுக்கொடாது நின்றனர். உருவம் மனத்தைச் சார்ந்தும், மனம் உருவத்தைச் சார்ந்தும் நிகழ்வதை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. ஆயினும் இதிலிருந்து பெறப்படுவது என்ன? அவ்வுயரம் அவர்களுக்குச் சில நிமிடங்களுக்கு முன் பிறர் தந்தது. அவர்தம் துணிவு பிறவிக்குணமாக இருப்பின், அளித்த உருவோடு அது எவ்வாறு வந்து சேரும்? உயர்ந்தவன் என்று நடத்தப்பட்டால் எவனும் நிமிர்ந்து பேசுவான். தாழ்ந்தவன் என்று நடத்தப்பட்டால் எவனும் குனிந்து பேசுவான். ஆகவே இவ்வாராய்ச்சி நம் கொள்கைக்கு அரணேயன்றிப் பகையன்று.

அந்தமான் தீவுகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் இருநூறு கைதிகளோடு அங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கிற்று. கைதியின் கழுத்தில் எண்ணும் குற்றப்பிரிவும் தண்டனையும் பொறித்த மரவில்லை தொங்கவிடப்பட்டது. அரசின் கண்ணுக்கு அவ்வில்லையே அவன் உரு. ஆனால் தண்டனைக்காலம் கழிந்து அங்கேயே நிலைத்தவர்கள் குலமும் மொழியும் மதமும் கடந்து மணந்தனர். அவர்தம் வழிவந்தோர் இன்று 'லோக்கல் பார்ன்' என வழங்கும் ஒரு சமூகமாய் விளங்குகின்றனர். தாய்நாட்டில் அசைக்க இயலாதது எனப்பட்ட குலவேலி, கடல் கடந்த இடத்தில் இரண்டொரு தலைமுறையில் தளர்ந்தது. பிறப்படையாளம் கல்லில் வெட்டியதாக இருப்பின் இது நேர்ந்திராது.

அத்தீவுகளின் தொல்குடியினரோ உருவைப் பற்றி நமக்கு வேறொரு பாடம் தருகின்றனர். அவர்கள் வெண்களிமண்ணைக் குழைத்து முகத்திலும் உடலிலும் கோலம் தீட்டிக்கொள்வர். ஓங்கே மக்களிடையே மனைவி கணவனுக்கு முகங்கோலமிடும் வழக்கம் உண்டு. 1906 முதல் 1908 வரை அங்கே ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரௌன், துயர்காப்போர் உடல் முழுதும் களிமண் பூசிக்கொள்வதைப் பதிவு செய்துள்ளார். தீட்டிய கோலம் கழுவப்படும். மீண்டும் வேறு கோலம் தோன்றும். அன்பு, துயர், மகிழ்ச்சி என்னும் உறவுகளுக்காகவே அங்கே முகம் மாறுகிறது. தன் முகத்தை வெறுத்து அதனை மறைக்க அவர்கள் கோலமிடுவதில்லை.

இனி முதல் வினாவுக்கு வருவோம். வேற்றுரு கொள்ளுதல் தவறாயின், நம் மணிமேகலையே தவறு செய்தவளாவாள். மணிபல்லவத் தீவில் அவள் பெற்ற மந்திரங்களுள் ஒன்று வேற்றுருக் கொள்ளும் மந்திரமன்றோ? உதயகுமரன் தன்னைத் தொடர்வதினின்றும் நீங்க, யானைத்தீ நோய் தீர்ந்து சென்ற காயசண்டிகையின் உருவை அவள் மேற்கொண்டாள். அவ்வுருவோடு பசித்தவர்க்கு உணவளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அரசனை வேண்டினாள். பின்னர் வஞ்சி நகரில் மாதவன் வடிவில் பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்டாள். அவள் எவ்வுருவைக் கொண்டபோதும் கருணை ஒன்றாகவே இருந்தது.

ஆனால் காப்பியம் அத்துடன் நிற்கவில்லை. மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் உருவால் மயங்கி, இவளையே காயசண்டிகையெனக் கருதி, உதயகுமரனை வாளால் வீழ்த்தினான். உரு மாறியபோதும் வினை மாறாது தொடர்ந்தது. அதன் துயரம் மணிமேகலையையும் வாட்டிற்று. வேற்றுரு கொள்ளலாம், அவ்வுருவில் நின்று செய்வதற்கும் அவ்வுருவால் விளைவதற்கும் பொறுப்பினின்று தப்ப இயலாது என்பதே அக்கதை நமக்குக் கூறுவது.

விளையாட்டு அமைப்போரிலும் இவ்வுண்மையைத் தொட்டவர் உளர். ரிச்சர்டு கேரியட் 1985-இல் வெளியிட்ட அல்டிமா 4 என்னும் விளையாட்டில், தொடக்கத்தில் முகமோ நிறமோ கேட்கப்படுவதில்லை. உண்மையும் இரக்கமும் முரண்படும் இடத்தில் நீ எதனைக் கைக்கொள்வாய் என்பது போன்ற அறவினாக்கள் எழுப்பப்படும். விடைகளுக்கு ஏற்பவே பாத்திரம் அமையும். எண்வகை நற்பண்புகளில் நிறைவு பெறுதலே அவ்விளையாட்டின் குறிக்கோள். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்னும் விளையாட்டிலோ, பின்னர் ஒரு மாயக்கண்ணாடி சேர்க்கப்பட்டது. அதன் முன் நின்று முகத்தையும் குரலையும் எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளலாம். முன்பு செய்த செயல்களை அக்கண்ணாடி அழிப்பதில்லை.

அன்பர்களே, இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1975-இல் விற்பனைக்கு வந்த வெண்மைப் பசையொன்று 2020-இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறிற்று, ஆசை மாறிற்றா? 1898-இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய காலத்திலும், 1956-இல் நாகபுரியில் அம்பேத்கர் தம்மம் ஏற்ற நாளிலும், பிறர் நம்மீது எழுதிய அடையாளத்தை உதறினோம். பெயரும் மாற்றிக்கொண்டோம். அது நேரிய செயல். ஆயினும் பெயரை மாற்றிய கையோடு மணப்பெண்ணின் நிறத்தை வினவும் வழக்கத்தையும் மாற்றினோமா? கண்ணாடியில் முகம் மாறி வினை மாறாதிருக்கும் நிலை நமக்கும் நேரலாம்.

மறுநாள் மாலை என் தம்பி மகன் அருகே அமர்ந்து அவன் ஆடுவதைக் கண்டேன். வெளுத்த முகத்தோடு அவன் பாத்திரம் ஒரு சிற்றூரை அடைந்தது. அங்கே கூண்டில் அடைபட்ட ஓர் அருவருப்பான உயிர் விடுதலை கேட்டது. ஊரார் அதனைக் கொல்ல நினைத்தனர். அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துக் கூண்டைத் திறந்துவிட்டான்.

"யார் திறந்தது?" என்று கேட்டேன்.

"நான்தான் பெரியப்பா" என்றான்.

அவனிடம் மேற்கொண்டு ஒன்றும் கூறவில்லை. அவ்வெளுத்த முகத்தை அழிக்குமாறும் சொல்லவில்லை. அதனை அழிக்கச் செய்வது எளிது. ஆனால் அவனை அங்கே துரத்திய பெயர் பள்ளி முற்றத்தில் அவ்வாறே இருக்கும். பிள்ளைகளிடமிருந்து விளையாட்டைப் பறிப்பதற்கு முன், அவர்கள் தம் முகத்தை விட்டு ஏன் ஓடினர் என்று பெற்றோர் கேட்க வேண்டும். நிறங்கூறி இழித்துரைக்கும் சொல் நம் வீட்டிலேயே நகைச்சுவையாக வழங்குமாயின், அதனை அங்கேயே நிறுத்த வேண்டும். கருத்த முகத்தோடும் மகிழ்ந்து விளையாடலாம் என்னும் உலகத்தைப் பள்ளி முற்றத்தில் முதலில் அமைப்போம். அதன்பின் கணினியின் முன்னே அவர்கள் எம்முகத்தை அணிந்தாலும், அது மணிமேகலை பூண்ட வேற்றுருவைப் போல் அறஞ்செய்ய எடுத்த கோலமாகுமேயன்றித் தன்னை வெறுத்து எடுத்த கோலமாகாது.