ஓய்ந்த ஆயுதங்கள்

பழைய பிஸ்டல்களையும் ரிவால்வர்களையும் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: இவை இப்போது ஆயுதங்கள் அல்ல, கலைப்பொருள்கள். சக்கிமுக்கிக் கல்லில் பொறி எழுப்பிச் சுடும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிஸ்டலும், சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் ரிவால்வரின் வழிவந்தவையும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதைப் பார்க்கும்போது அந்தச் சமாதானம் எடுபடத்தான் செய்கிறது. ஆனால் ஓர் ஆயுதம் எப்போது ஆயுதம் அல்லாமல் போகிறது? கொலைக்கென்றே செய்த ஒன்றை அழகுக்காகப் போற்றலாமா? சேகரிப்பின் அறம் பற்றிய பேச்சு இந்த இரண்டு கேள்விகளையும் சுற்றியே வருகிறது.

முதல் கேள்வியைத் தத்துவவாதிகளைவிடச் சட்டம் எழுதியவர்களே நேராக எதிர்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் தேதியைப் பார்க்கிறது. 1898 முடிவதற்குள் செய்யப்பட்ட துப்பாக்கி அதன் கணக்கில் தொன்மைப் பொருள். 1873 முதல் மாற்றம் அதிகமின்றி வெளிவந்த கோல்ட் ரிவால்வர் வகை ஒன்றில், 1898 டிசம்பரில் முடிந்தது தொன்மைப் பொருளாகவும் அடுத்த மாதம் முடிந்தது துப்பாக்கியாகவும் ஆகிவிடும். இரண்டும் ஒன்றுபோலவே சுடும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் திறனைப் பார்க்கிறது. வழக்கொழிந்த வகையோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்றால்தான் அதன் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பிரிட்டிஷ் சட்டம் மூன்றாவது வழியில் போகிறது. தொன்மைத் துப்பாக்கியை அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருந்தால் விலக்கு உண்டு. சுடும் எண்ணம் வந்துவிட்டால் விலக்கு போய்விடும். காலம், திறன், மனம் என்ற இந்த மூன்றில் அமெரிக்க விடைதான் நிர்வாகத்துக்கு எளிது, அறத்துக்கு மிகவும் மெலிந்தது. வயது ஏறுவதால் மட்டும் எந்தப் பொருளும் சாதுவாகிவிடுவதில்லை.

கொன்ற பொருளுக்கே குற்றம் உண்டு என்ற எண்ணமும் பழையது. பண்டைய ஏதென்சில், ஆளைக் கொன்ற கல்லையும் இரும்பையும் விசாரித்து எல்லைக்கு வெளியே எறிய ஒரு தனி நீதிமன்றம் இருந்தது. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் கற்பனை செய்த நகருக்கும் இந்த முறையையே விதித்தார். இங்கிலாந்தில் மரணத்துக்குக் காரணமான வண்டியோ விலங்கோ அரசுடைமையாகும் வழக்கம் 1846 வரை நீடித்தது. ரயில்கள் வந்து விபத்துகள் பெருகி, எஞ்சின்களின் மேல் பெருந்தொகைகள் விதிக்கப்பட்ட பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். இன்றைய பொதுப்புத்தி இதற்கு நேர்மாறு: குற்றம் பிடித்த கைக்கே, பிடிக்கப்பட்ட பொருளுக்கு இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருனோ லதூர் இரண்டையும் ஏற்கவில்லை. துப்பாக்கி ஏந்திய மனிதன் வெறுங்கை மனிதன் அல்ல, கையில் உள்ள துப்பாக்கியும் அலமாரியில் உள்ள துப்பாக்கி அல்ல, இரண்டும் சேர்ந்து மூன்றாவதான ஒன்று செயல்படுகிறது என்பது அவர் வாதம். அலமாரிக்குள் பூட்டியிருக்கும்வரை சேகரிப்பாளருக்கு இந்த வாதம் ஆதரவானதுதான்.

ஏலக்கூடம் வேறு கதை சொல்கிறது. ஏதென்ஸ் எல்லைக்கு வெளியே எறிந்ததை இன்றைய சந்தை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. 1873 ஜூலையில் பிரஸ்ஸல்ஸ் விடுதி அறையில் கவிஞர் வெர்லேன் தம் நண்பர் ரெம்போவைச் சுட்டார். குண்டு மணிக்கட்டில் பட்டது, வெர்லேன் சிறைக்குப் போனார். அந்த ஆறு குண்டு லெஃபோஷே ரிவால்வர் 2016இல் பாரிசில் 4,34,500 யூரோவுக்கு விலைபோனது. கவிஞரின் கை படாமல் இருந்திருந்தால் அதே வகை ரிவால்வருக்கு இதில் சிறு பங்குகூடக் கிடைத்திராது. பில்லி த கிட் என்ற கொள்ளையனை 1881இல் சுட்டுக்கொன்ற ஷெரிஃப் பேட் காரெட்டின் கோல்ட், 2021இல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. இவற்றில் வேலைப்பாடு என்று சொல்ல அதிகம் இல்லை. வாங்கியவர் விலை கொடுத்தது ஒரு காயத்துக்கும் ஒரு சாவுக்கும்தான்.

சாவோடு சேர்ந்த பொருள் அசல்தானா என்பதில் எல்லோருக்கும் எவ்வளவு கவலை என்பதற்கு லிங்கன் கொலையில் பயன்பட்ட டெரிஞ்சர் நல்ல சாட்சி. 1865 ஏப்ரல் 14 இரவு ஜான் வில்க்ஸ் பூத் நாடக அரங்கின் மேல்மாடத்தில் விட்டுச்சென்ற, உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒற்றைக் குண்டுப் பிஸ்டல் அது. வாஷிங்டனில் அதே ஃபோர்டு அரங்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசலைத் திருடிக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியதும், 1997இல் எஃப்.பி.ஐ. ஆய்வகம் அதைப் பழைய புகைப்படங்களோடு வைத்துப் பார்த்தது. மரத்தின் வரியோட்டம், உலோகத்தில் விழுந்த சிறு குழிகள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அசலேதான் என்று முடிவு சொன்னது. வடிவில் இம்மியும் பிசகாத நகல் இருந்தாலும் யாரும் அதைப் பார்க்க வரமாட்டார்கள். திருத்தலங்களில் புனிதர்களின் எலும்பைத் தேடிப் போகும் மனம்தான் இங்கும் வேலை செய்கிறது, புனிதம்தான் இல்லை. ஆக, இது வெறும் கலைப்பொருள் என்ற சமாதானம் இந்த இடத்தில் நிற்காது.

இன்னொரு வகைச் சேகரிப்பாளர் இதற்கு எதிர்முனையில் நிற்கிறார். அவருக்கு வேண்டியது ஒருமுறைகூடச் சுடாத துப்பாக்கி. தொழிற்சாலையில் ஏற்றிய நீலம் மங்காமல், திருகாணியின் வெட்டு தேயாமல், பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஔவையார் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் இப்படிப்பட்ட ஆயுதங்களைத்தான் பார்த்தார். அதியமானின் தூதராகப் போன அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, பீலி சூட்டி மின்னிய அவற்றைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை முடித்தார். ஆயுதத்தின் பெருமை போரில் என்று கொண்டால் ஔவையின் கேலி சரி. கொல்லாமையை மேலாகக் கொண்டால் தொண்டைமானின் கொட்டிலே குற்றம் குறைந்தது. சுடாத துப்பாக்கியைத் தேடுபவர் அறியாமலே இந்த இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

சமண அறநூல்கள் இந்த விஷயத்தை மற்றவர்களைவிட நுணுக்கமாகப் பார்த்திருக்கின்றன. இல்லறத்தாருக்கான விரதங்களில் ஒன்று, பயனில்லாத தீங்கைத் தவிர்ப்பது. அதற்கு நேரும் குறைகளில் ஒன்றாகச் சுவேதாம்பர மரபு சொல்வது, தீங்கு செய்யும் கருவியின் பாகங்களைச் சேர்த்தே வைத்திருப்பதை. வில்லும் அம்பும் ஒன்றாக இருந்தால் கேட்டு வருபவன் எடுத்துப்போவது எளிது என்பதே காரணம். இந்தியச் சட்டத்தின் திறன் சோதனையும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. சேகரிப்பாளருக்குச் சங்கடமும் இங்கேதான். குழலில் துளையிட்டோ, ஊசியை அறுத்தோ செயலிழக்க வைத்தால் மனம் அமைதியாகும், பொருளின் மதிப்போ சரிந்துவிடும். சுடக்கூடியதாக இருப்பதே அதன் அசல்தன்மையில் ஒரு பங்கு என்பதை அவர் உள்ளூர ஒப்புக்கொள்கிறார். இதற்கும் மேலே போய், பற்றுதான் உடைமை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அந்தக் கணக்கில் தபால்தலை சேர்ப்பவரும் தப்ப முடியாது.

ஆயுத பூஜையைச் சேகரிப்புக்கு ஆதரவாகக் காட்டுவோர் உண்டு. பொருந்தாத ஒப்பீடு அது. காவல் நிலையத்தில் துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்துப் பொட்டிட்டாலும், பட்டறையில் சுத்தியலுக்கு வைத்தாலும், பூஜை முடிந்ததும் கருவி தன் வேலைக்குத் திரும்பும். கருவியை அதன் தொழிலோடு சேர்த்தே வணங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டியோ பொருளைத் தொழிலிலிருந்து பிரித்தால்தான் நியாயம் பெறும்.

கடைசியாக எஞ்சுவது கைமாற்றம். சேகரிப்பு சேர்த்தவரோடு முடிவதில்லை. ஒன்றை விற்றுத்தான் அதைவிட நல்ல ஒன்றை வாங்குகிறார்கள், இறந்தபின் வாரிசுகள் மொத்தமாக ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகத்தைப் புத்தர் முதலில் வைத்தார். சமண ஆசிரியர் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் வாள், கோடரி, நெருப்பு முதலியவற்றைப் பிறருக்குக் கொடுப்பதையே தீங்காக எண்ணுகிறது. அதைத் தழுவியெழுந்த தமிழ் நூல் அருங்கலச்செப்பு. இந்த மரபுகளின்படி வைத்திருப்பவரின் மனத்தூய்மை மட்டும் போதாது, வாங்குபவரின் கையையும் அவர் பார்த்தாக வேண்டும். பிரிட்டிஷ் சட்டம் கேட்கும் எண்ணமும் ஒவ்வொரு புது உடைமையாளரிடமும் புதிதாகவே தொடங்குகிறது. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவது இந்தச் சங்கிலியை அறுக்கும் ஒரு வழி. தனிக் கைகளில் சுற்றும் துப்பாக்கிகளுக்கு அந்த வழி அபூர்வமாகவே கிடைக்கிறது, ஏனென்றால் நல்ல விலை போகக்கூடியதை விலையில்லாமல் கொடுக்க வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.