வெள்ளியின் வடு

மலேசியத் தமிழர்களாகிய நாம் கணக்கில் ரிங்கிட் என்று எழுதினாலும், வாயால் சொல்லும்பொழுது வெள்ளி என்றே சொல்கிறோம். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்கிறோம். இன்று அந்தப் பணத்தில் வெள்ளி குன்றிமணி அளவும் இல்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லின் கதையும் இத்தகையதே. பழைய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பில் இருந்த பற்களைக் குறித்து எழுந்த சொல் அது. அப்பற்கள் அழகுக்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. விளிம்பைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவோரின் கையைக் கட்டுவதற்காக ஏற்பட்டவை. நாம் நாள்தோறும் உச்சரிக்கும் பணத்தின் பெயரிலேயே ஒரு பழைய வஞ்சனையின் நினைவும், அதற்கு இடப்பட்ட காவலின் நினைவும் ஒளிந்திருக்கின்றன.

பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்க்கும் பழக்கம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் என்னைத் தொற்றிக்கொண்டது. வரலாற்றுப் பாடத்தை நாணயத்தைக் காட்டி நடத்தினால் மாணவர் மறக்கமாட்டார் என்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். மாணவர் மறந்தாரோ இல்லையோ, நான் மறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்தும் என் சேகரிப்பு ஒரு சிறு மரப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டியில் இருக்கும் இரண்டு நாணயங்கள் எழுப்பிய வினாவையே இங்கு எழுத முற்படுகிறேன். பழுதுபட்ட பொருளைச் செப்பனிடுவது நற்செயல் என்று எல்லாரும் ஒப்புவர். அந்த நற்செயல் எந்த இடத்தில் பொய்யாக மாறுகிறது?

முதல் நாணயம் பிரிட்டிஷ் வணிக டாலர். 1895 முதல் 1935 வரையிலான காலத்தில் பம்பாய், கல்கத்தா, இலண்டன் ஆகிய நகரங்களின் அக்கசாலைகளில் கிழக்காசிய வணிகத்துக்காக அச்சிடப்பட்டது. ஏறத்தாழ 27 கிராம் எடை; ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. ஒரு பக்கம் சூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா. மறுபக்கம் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் மதிப்பு. நீரிணைக் குடியேற்றங்கள் 1903இல் தமக்கெனத் தனி டாலர் கண்டு, மறு ஆண்டில் மெக்சிகோ டாலரையும் இதனையும் செலாவணியிலிருந்து விலக்கும் வரை, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கைமாறிய பணம் இவையே.

இத்தகைய டாலர்களில் பலவற்றின் மீது சிறு சிறு சீன முத்திரைகள் குத்தப்பட்டிருக்கும். பணத்தை வாங்கிய வணிகரும், காசின் தரம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரும், இது நல்ல வெள்ளி எனக் கண்டபின் தம் அடையாளத்தை அதில் பதித்தனர். பல கை மாறிய காசு பல குத்துகளை ஏற்று, நடுவில் குழிந்து, சிறு கிண்ணம்போல் ஆகிவிடுவதும் உண்டு. பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் ஒவ்வொரு குத்தும், முன்பின் அறியாத ஒருவர் தமக்குப்பின் வரும் முன்பின் அறியாத இன்னொருவருக்குக் கொடுத்த உறுதிமொழியாகும்.

2006ஆம் ஆண்டு ஒரு பட்டணத்து வியாபாரியிடம் நான் வாங்கிய வணிக டாலரில் முத்திரை ஒன்றுகூட இல்லை. தளம் பளிங்குபோல் இருந்தது. மாதச் சம்பளத்தில் கால் பங்கைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, விளக்கொளியில் மெல்லச் சாய்த்துச் சுழற்றிப் பார்த்தேன். அச்சின் அடி விழும்பொழுது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். அந்த ஓட்டத்தின் நுண்வரிகள் தளத்தில் தங்குவதால், நல்ல நாணயத்தைச் சுழற்றும்பொழுது ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரம்போல் சுற்றிவரும். என் நாணயத்தில் அந்த ஒளி ஓரிடத்துக்கு வந்ததும் செத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபின் விளங்கிற்று. அங்கே முத்திரை இருந்திருக்கிறது. குழியை வெள்ளி இட்டு நிரப்பி, இழைத்து, மேலே ஏதோ பூசிச் சுற்றுப்புறத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்புவதற்காகக் குத்தப்பட்ட முத்திரையை ஏமாற்றுவதற்காக அழித்திருந்தார்கள்.

திரும்பச் சென்று கேட்டேன். அந்த மனிதர் சினக்கவில்லை. “வெள்ளி பொய்யா? ஆண்டு பொய்யா? எடை பொய்யா? நான் சொன்னதில் எது பொய், சொல்லுங்கள் சார்” என்றார். அவர் சொன்ன சொல் ஒன்றும் பொய்யில்லை. பழுது பார்த்ததுண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

அந்த வினா பல நாள் என்னை விடவில்லை. முழுப் போலியைப் பற்றி நமக்குக் குழப்பமே இல்லை. செர்மானியரான கார்ல் வில்லெம் பெக்கர் (1772–1830) பழைய கிரேக்க, உரோம நாணயங்களுக்குத் தாமே அச்சு வெட்டிப் போலி செய்தவர். புதிய காசுகளை இரும்புத் துகளோடு பெட்டியில் இட்டுத் தம் வண்டியின் அச்சில் கட்டி, ஊர் சுற்றி வந்து அவற்றுக்கு முதுமை ஏற்றினார் என்று சொல்வார்கள். கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆயினும் அது களவு என்பதில் ஐயமில்லை. செப்பனிட்ட நாணயம் அப்படியன்று. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மெய். அந்த மெய்யே மீதி ஒரு பங்கு பொய்க்குப் பிணை நிற்கிறது. போலியைவிட இதனை அறிவது அரிது, கண்டிப்பதும் அரிது.

நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் பொருள் உண்டென்பதைப் பட்டிமன்றப் பேச்சாளர்கள் ஆயிரம் முறை சொல்லிவிட்டார்கள். நானும் ஆயிரத்தொன்றாம் முறை சொல்வதாயில்லை. எனக்கு உதவியது என் மேசை மீதிருந்த பழைய வருகைப் பதிவேடுதான். நான் ஆசிரியப் பணிக்கு வந்தபொழுது மூத்தவர்கள் கற்பித்த முதல் விதி, பதிவேட்டில் அழிப்பான் படக்கூடாது என்பதாகும். தவறாக எழுதிவிட்டால் அதன் மீது ஒற்றைக் கோடு இழுக்க வேண்டும்; பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும்; மேலே சரியானதை எழுதிக் கையொப்பம் இட வேண்டும். சுரண்டி அழித்து அதே இடத்தில் சரியான எண்ணை எழுதினாலும் அது குற்றமே. எண் சரிதானே என்று இளம் ஆசிரியர்கள் வாதிடுவதுண்டு. எண் சரிதான். ஆனால் பதிவேடு எண்ணை மட்டும் சொல்வதன்று. இந்த எண் எப்படி வந்தது என்பதையும் சொல்வது. அதனை அழித்தபின் மீதிப் பக்கங்களையும் நம்ப இயலாது.

கலைப்பொருள்களைப் பேணுவோரும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களைக் காப்பது குறித்து 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், இல்லாத பகுதியைப் புதிதாக இட்டால் அது முழுமையோடு இயைந்திருக்க வேண்டும், அதே வேளையில் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. இயைபும் வேண்டும், வேறுபாடும் தெரிய வேண்டும். ஒற்றைக் கோடு இழுத்துத் திருத்துவதைத்தான் அவர்கள் கல்லில் செய்யச் சொல்கிறார்கள்.

அப்படியானால் நாணயத்தைத் தொடவே கூடாதா என்று வாசகர் கேட்கலாம். தொடலாம். மலிவான பிளாஸ்டிக் உறையில் பல ஆண்டு கிடந்த காசின் மேல் பசைபோல் ஒரு பச்சைப் படிவு ஏறி, உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். அதனைக் கரைத்து நீக்குவது மருத்துவம். ஆனால் கருமையை நீக்குவது வேறு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்வதால் வருவது கருமை. அது வெள்ளியிலிருந்தே பிறந்தது. அமிலக் கரைசலில் முக்கி அதனை எடுக்கும்பொழுது மேற்பரப்பின் வெள்ளியும் சிறிது போகிறது. நான் முன்னர்ச் சொன்ன ஓட்டவரிகளும் மெல்ல மெல்லப் போகின்றன. நம் வீடுகளில் தீபாவளிக்கு முன்னர் வெள்ளி விளக்கைத் திருநீறு இட்டுத் துலக்குவார்கள். விளக்குக்கு அது தகும். விளக்கு ஒளி தரவேண்டிய பொருள். துலங்கினால் தன் வேலையைச் செய்கிறது. நாணயமோ வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டது. இனி அதற்குள்ள ஒரே வேலை சாட்சி சொல்வது. சாட்சியைக் குளிப்பாட்டலாம், சொல்லிக் கொடுத்துக் கூட்டிவரக் கூடாது.

வியாபாரி மீது எனக்கிருந்த சினம் பல வாரம் நீடித்தது. ஒருநாள் அந்த டாலரைப் பெட்டியில் வைக்கும்பொழுது பக்கத்தில் கிடந்த இரண்டாவது நாணயம் கண்ணில் பட்டது.

அது 1907ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற டாலர். ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை பொறித்தது. 1906இல் இந்நாட்டு டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. வெள்ளியின் விலை ஏறவே, டாலரை உருக்கி விற்றால் இலாபம் என்ற நிலை வந்தது. அதனால் 1907இல் எடையை ஏறத்தாழ 27 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைத்தார்கள். குறைத்தவர்கள் மறைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வட்டத்தையும் சிறிதாக்கினார்கள், கண்ணுள்ளவன் எவனும் காணலாம்.

இது என் பாட்டியின் காசு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைக்கு அது எப்படி வந்தது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட தாள் பணம் மூட்டை மூட்டையாக வந்தபொழுது, இந்த ஒரு காசை மட்டும் அவர் மாற்றவில்லை. மன்னரின் முடிக்குப் பக்கத்தில் துளையிட்டு, வளையம் கோத்து, கறுப்புக் கயிற்றில் கட்டி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். 1945இல் வாழைமரத் தாள் வெறுந்தாளாயிற்று. கழுத்திலிருந்த காசு கழுத்திலேயே இருந்தது. பின்னர் அது என் அம்மாவின் கழுத்துக்கு வந்தது. அவர் அதனை எனக்குக் கொடுத்தார்.

1998இல் நான் அந்தக் காசை ஒரு வயதான பத்தரிடம் கொண்டுபோனேன். வளையத்தை எடுத்து, துளையை அடைத்து, அழிந்த கோடுகளைத் தீட்டித் தரச் சொன்னேன். துளையுள்ள காசு சேகரிப்பில் ஊனம் என்று நூல்களில் படித்திருந்தேன். பத்தர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “விக்கிறதுக்கா வாத்தியாரே, வீட்ல வைக்கிறதுக்கா?” என்றார். வீட்டில் வைக்கத்தான் என்றேன். “அப்புறம் யாருகிட்ட மறைக்கணும்?” என்று கேட்டுவிட்டு, என் விடைக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கினார். நல்ல கைகாரர். அடைத்த இடம் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். கட்டைவிரலால் முடியின் ஓரத்தைத் தடவினார். “இது எங்க ஆத்தா காசு இல்லப்பா” என்றார். நான் சிரித்தேன். விளக்கிச் சொன்னேன். அவர் மறுபடி தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதன்பின் ஒருமுறைகூட அதனைப் பார்க்கக் கேட்கவில்லை.

வியாபாரி காசுக்காக ஒரு முத்திரையை அழித்தார். நான் காசு எதுவும் பெறாமல் ஒரு துளையை அழித்தேன். என் செயல் மேலானது என்று சில காலம் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். யாரையும் நான் ஏமாற்றவில்லையே என்றேன். ஆனால் பத்தர் கேட்ட வினாவுக்கு விடை வேண்டும். நான் மறைத்தது என்னிடமிருந்துதான். குறையில்லாத காசு எனக்கு வேண்டியிருந்தது. என்னைப்போல் ஆயிரம் பேருக்கு வேண்டியிருப்பதால்தான் வியாபாரியின் பட்டறையில் வேலை நடக்கிறது. நாணயத்தின் நிலையை 70 புள்ளிகள் வரை அளக்கும் முறை அமெரிக்காவில் 1949இல் தோன்றி இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரு புள்ளி ஏறினால் விலை பல மடங்கு ஏறும் இடமும் உண்டு. தரச்சான்று தரும் நிறுவனங்கள், துலக்கியதும் அடைத்ததுமான காசுக்குப் புள்ளி கொடாமல், செய்யப்பட்ட வேலையைச் சீட்டிலேயே குறித்துவிடுகின்றன. அது நல்ல ஏற்பாடு. எனினும் ஆசை சீட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சுவருக்கு வெள்ளையடித்து, பின்தங்கிய மாணவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பும் பள்ளிகளை நான் கண்டிருக்கிறேன். ஒன்றில் பணியும் புரிந்திருக்கிறேன். குறையற்றதைக் காண விரும்பும் கண் எங்கே இருக்கிறதோ, அங்கே அடைக்கும் கையும் வந்து சேர்ந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாணயம் சேர்க்கத் தொடங்கிய இளம் ஆசிரியர் ஒருவர் வணிக டாலரை விலைக்குக் கேட்டார். நிரப்பிய இடத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பின்னர் வேண்டாம் என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆயினும் கால் மாதச் சம்பளம் ஒரு கணம் நினைவுக்கு வராமற்போகவில்லை. ஏமாந்தவன் தன் இழப்பை அடுத்தவர் தலையில் ஏற்றிவிடுவது எத்தனை எளிது என்று அன்று அறிந்தேன். வாய் திறவாமல் இருந்தால் போதும்.

இப்பொழுது இரண்டு காசுகளுக்கும் தாள் எழுதி வைத்திருக்கிறேன். முதல் தாளில், முத்திரை அழிக்கப்பட்டது, செய்தவர் தெரியாது என்று இருக்கிறது. இரண்டாவதில், துளை அடைக்கப்பட்டது, 1998, என் வேண்டுகோளின்படி என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறேன். தாள் காசோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனக்குப்பின் பெட்டியைத் திறப்பவர் தாளை எறிந்துவிடலாம். துளையை மறுபடி திறந்துவிட்டால் என்ன என்றும் எண்ணியதுண்டு. ஆனால் அது பாட்டி போட்ட துளையாகாது. நான் போட்ட துளையாகும். அதனையும் தாளில் எழுத வேண்டிவரும்.

அம்மா 2011இல் காலமானார். பத்தர் அதற்கு முன்னரே போய்விட்டார். கழற்றிய வளையத்தை அவர் எறியாமல், பழைய நாள்காட்டித் தாளில் மடித்து என் கையில் கொடுத்திருந்தார். அதுவும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது, நன்றாகக் கறுத்துவிட்டது. அதனை நான் துலக்கவில்லை.