சொல்வது யார் பொறுப்பு?

“வலிக்கிறது என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?” நாள்பட்ட நோயோடு வாழும் பெண்களிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி இது. தன் நோய்க்காகத் தானே போராடிப் பேசுவது நோயாளியின் கடமையா, அல்லது கேட்டறிவது சுற்றியிருப்பவர்களின் கடமையா?

சரவாங்கி என்று ஊரில் சொல்லப்படும் முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகமாக வருகிறது. காலையில் எழும்போது விரல்கள் மடங்காது. தோசைத் திருப்பியைப் பிடிக்க முடியாது, ஈரத்துணியைப் பிழிய முடியாது, ரவிக்கைக் கொக்கியை மாட்டவும் முடியாது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பிறகே இறுக்கம் மெல்லத் தளரும். சமையலை முடித்து, பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவர் முன் உட்காரும்போது மணி 11 ஆகிவிடும். அப்போது விரல்கள் ஓரளவு மடங்கும். ரத்தப் பரிசோதனையும் எப்போதும் கைகொடுப்பதில்லை; நோய் இருந்தும் ரத்தத்தில் முடக்குவாதக் காரணி இல்லை என்று முடிவு பெறுபவர்கள் கணிசமாக உண்டு. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் சொல்தான் முக்கியமான சாட்சி.

அந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை தடைகள்! துணைக்கு வந்த கணவரோ மாமியாரோ முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். மணமாகாத பெண் என்றால், “வெளியே தெரிந்தால் வரன் அமையாது” என்று வாயை அடைக்கிறார்கள். முதன்மை மருந்துகளில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீட்டில் அந்த மாத்திரையின் பேரை எடுப்பதே பெரும்பாடு. அழுதால் “எல்லாம் மனசுதான்” என்கிறார்கள். அழாவிட்டால் வலியே இல்லை என்கிறார்கள்.

மறுபக்க நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. ஒருவரின் வலியை இன்னொருவர் உணர வழியில்லை. நெரிசலான ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிந்த மருத்துவர், சொல்லாததை ஊகிக்கவும் முடியாது. இறுக்கம் எத்தனை நேரம் நீடித்தது என்று குறித்துவைப்பதும், வீங்கிய விரல்களைக் காலையிலேயே செல்போனில் படமெடுத்துக் காட்டுவதும் நோயைக் கண்டறிய உதவும். அதற்கான துணிவைப் பெண்களுக்கு ஊட்டுவது நல்ல காரியமே.

ஆனால் அந்தத் துணிவு சிகிச்சைக்கு நிபந்தனையாகிவிடக் கூடாது. வாதாடத் தெரிந்தவருக்கே வைத்தியம் என்றால், படிப்பும் பணமும் வீட்டாரின் ஆதரவும் உள்ளவர் தப்பிப்பார், மற்றவர் முடங்குவார். தீராத களைப்பும் இந்நோயின் அறிகுறிதான். நோய் பறித்துக்கொண்ட தெம்பையே நோயாளியிடம் எதிர்பார்ப்பது அநீதி. அதற்கான விலையும் பெரிது. தொடக்க மாதங்களிலேயே மருந்து கொடுத்தால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆகவே பேசுவது அந்தப் பெண்ணின் உரிமை. கேட்பது மற்றவர்களின் கடமை. இரண்டில் கடமையே முந்த வேண்டும். “காலையில் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை?” என்று மருத்துவர் அவரிடமே கேட்கட்டும். துணைக்குப் போகிறவர்கள் அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். விட்டுப்போனதை அவர் சம்மதத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். முடியவில்லை என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால், ஆதாரம் கேட்காமல் முதலில் நம்புங்கள்.