அழைத்தல் யாருக்கு?

இறையழைத்தல் ஞாயிறன்று எங்கள் மறைக்கல்வி வகுப்பில் குருமடத்துக்குப் போன பையன்களைப் பற்றித்தான் பேச்செல்லாம். தையல்காரருக்கும் கூத்தாடிக்கும் அழைத்தல் கிடையாதா? வகுப்பெடுக்கும் எனக்கே இந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு ஹாலிவுட் பாட்டுப்படம்: 1954இல் வால்டர் லாங் இயக்கிய 'தேர்ஸ் நோ பிசினஸ் லைக் ஷோ பிசினஸ்'.

மர்லின் மன்றோவுக்காக அதைப் பார்க்கிறவர்களே அதிகம். எனக்கு முக்கியம் டொனாஹியூ குடும்பம். வாடெவில் என்னும் பல்சுவை மேடைகளில் ஆடிப்பாடிப் பிழைக்கும் கத்தோலிக்கர்கள்; அப்பா டெரி, அம்மா மாலி, மூன்று பிள்ளைகள். மகன் ஸ்டீவ் ஒருநாள் குருவாகப் போகிறேன் என்கிறான். பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. வீட்டுக்கொரு சாமியார் ஆசீர்வாதம் என்று கோயிலில் சொல்வோம். இவர்களுக்கோ குழுவில் ஓர் ஆள் குறைகிறது. படத்தின் மிக நேர்மையான இடம் இதுதான். வழியனுப்பு விருந்தில் ஸ்டீவ் பாடும் பக்திப் பாட்டை எழுதிய இர்விங் பெர்லின், ஒரு யூத ஆராதனைப் பாடகரின் மகன்!

கூத்தாடிக்கும் அழைத்தல் உண்டா என்றால், நடிகர்களோடு திருச்சபைக்கு நெடுநாள் பிணக்கு. 1673இல் பிரெஞ்சு நாடக நடிகர் மோலியேர் இறந்தபோது அரசர் தலையிட்ட பிறகே கல்லறையில் இடம் கிடைத்தது, அதுவும் இரவில். ஆனால் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித தாமஸ் அக்குயினாஸ், மனிதருக்கு இளைப்பாறுதல் தரும் நடிகரின் தொழில் தன்னளவில் பாவமல்ல என்று எழுதிவிட்டார்.

படத்தில் இளையவன் டிம் குடித்துவிட்டு விபத்தில் சிக்குகிறான். ஆஸ்பத்திரியில் அப்பா அவனை அறைகிறார். அவன் காணாமல் போகிறான். டெரி மேடையை விட்டுவிட்டுத் தேடிக் கிளம்புகிறார். ஊதாரி மைந்தன் உவமையில் தகப்பன் வீட்டிலிருந்தே வழிபார்க்கிறார். அதே லூக்கா 15இல் தொலைந்த ஓர் ஆட்டைத் தேடிப்போகும் ஆயனும் உண்டு. டெரி இந்த இரண்டாமவர்.

மாலியோ நெஞ்சு வெந்துகொண்டிருக்க மேடையில் சிரித்துப் பாடுகிறார். அது பொய்யா? டிக்கெட் வாங்கி வருகிறவன் தன் கவலையைச் சற்று இறக்கிவைக்க வருகிறான். அவன் தலையில் நம் கவலையையும் ஏற்றாமலிருப்பது, என்னைக் கேட்டால், ஒரு தவம்.

கடைசியில் நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கில் குடும்பம் ஒன்றுசேர்கிறது. டிம் கடற்படைச் சீருடையில் வருகிறான். அந்த ஆடம்பர முடிவு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் குருப்பட்டம் மகனுக்குப் போக, ஆயனின் வேலையைச் செய்தவர் அந்தக் கூத்தாடித் தகப்பன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.